கப்பலில் கேட்ட பெயர்

ரயில் பிக்டன் நிலையத்தை விட்டு அசைந்தபோது சுகிர்தா தன் இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், பஸ்ஸில் தெரியாத ஆம்பிளைக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தால் வைத்துக்கொள்வதுபோல, முழங்கை முழங்கையில் பட்டுவிடாமல். அப்படி வைத்துக்கொண்ட பிறகுதான் பக்கத்தில் இருப்பது தன்னுடைய கணவர் என்று நினைவு வந்தது, இருபத்தேழு வருடமாக ஒரே கட்டிலில் படுத்தெழும்பிய மனுசன், இன்று காலை வெலிங்டனில் கப்பல் ஏறும்போது கூட அவருடைய சட்டைக் கழுத்துப்பட்டியின் ஒரு பக்கம் மடிந்திருக்க, இவள்தான் இழுத்துச் சரி செய்துவிட்டவள். கையைத் திரும்ப எடுத்துப் பழைய இடத்தில் வைக்கலாம். வைக்க முடியவில்லை. அவர் கவனித்திருப்பார். கவனிக்கட்டும். ஒலிபெருக்கியில் ஒரு பெண் சிரித்த குரலில் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள், வலப்பக்கம் பாருங்கள், இடப்பக்கம் பாருங்கள், திராட்சைத் தோட்டங்கள் வரும், பிறகு உப்பளம் வரும், பிறகு கடல். எல்லாரும் அவள் சொன்ன பக்கம் பார்த்தார்கள். மகள் ஆரபிதான் இந்தப் பயணத்தை ஒழுங்கு செய்தவள், கலியாண நாளுக்கு. பிளேனில ஒரு மணித்தியாலத்தில வந்து இறங்கிறதில என்னம்மா இருக்கு, ஒருக்காக் கப்பலிலயும் ரயிலிலயும் வாங்கோ, முப்பது வருசமா இருக்கிற நாட்டை ஒருக்காப் பாருங்கோ என்று சொன்னவள். வடக்குத் தீவிலிருந்து தெற்குத் தீவுக்கு மூன்றரை மணித்தியாலம் கப்பல், பிறகு கிரைஸ்ட்சர்ச் வரைக்கும் கடற்கரையோரமாக ரயில். அங்கே மருந்தகத்தில் வேலை செய்கிறாள், பின்னேரம் நிலையத்துக்கு வந்து நிற்பாள். பிள்ளை நல்லதுக்குத்தான் செய்தது. பிள்ளை பிளேனிலேயே ரிக்கற் எடுத்திருந்தால். ஒரு மணித்தியாலம்தானே, ஒரு தேத்தண்ணி குடித்து முடிய இறங்கியிருப்போம், அந்தச் சிவப்பு ஜாக்கெட்காரன் வேறெங்கேயோ போயிருப்பான், இவர் தயாபரனாகவே இருந்து தயாபரனாகவே செத்துப் போயிருப்பார், எனக்கு ஒன்றும் தெரிந்திராது, நான் பொட்டை அழித்துக்கொண்டு இன்னொருத்தருடைய பெயரைச் சொல்லி அழுதிருப்பேன்.

கப்பலில் தேத்தண்ணிக் கடைக்குப் பக்கத்து மேசையில் இருந்தார்கள். கப்பல் ஆடியதில் கோப்பையிலிருந்து கொஞ்சம் தட்டில் சிந்திவிட்டது, அவர் அதைக் கடதாசியால் துடைத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவன் வந்தான், சிவப்பு ஜாக்கெட், கனடாக் கொடி போட்ட தொப்பி, கையில் ஒரு வாழைப்பழம். வந்து மேசைக்கு முன்னால் நின்று இவருடைய முகத்தையே பார்த்தான். தமிழாட்கள் தமிழாட்களைக் கண்டால் பார்ப்பார்கள்தானே என்று சுகிர்தா சிரிக்கத் தயாரானாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. "வசீ," என்றான். கூப்பிட்ட மாதிரி இல்லை, தனக்குள் சொல்லிப் பார்த்த மாதிரி. பிறகு, "வசீகரன். நீ வசீகரன் எல்லோ? நான் பகீரதன். பகீ." அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. "ஆள் மாறிக் கதைக்கிறியள், நான் தயாபரன்," என்றார், நிதானமாக, வங்கியில் பெயர் கேட்டால் சொல்வதுபோல. அவன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான். கப்பல் ஆடியதாலும் இருக்கலாம். "தயாபரன் அண்ணையை எனக்குத் தெரியும். அவர் எங்களுக்கு நாலு வயசு மூப்பு. உன்ர புருவத்தில இருக்கிற தழும்பு நான் எறிஞ்ச கிரிக்கெட் பந்து பட்டது. ஏழு தையல். நீ செத்துப் போனாயெண்டு பள்ளிக்கூடத்தில ரெண்டு நிமிசம் எழும்பி நிண்டனாங்கள்." சுகிர்தா தழும்பைப் பார்த்தாள். வலது புருவத்தை இரண்டாகப் பிரிக்கிற வெள்ளைக் கோடு, கலியாணமான முதல் கிழமையில் விரலால் தடவி இது என்னப்பா என்று அவள் கேட்டது. சைக்கிளால விழுந்தது. அவ்வளவுதான் சொன்னவர். சைக்கிளால விழுந்தது என்று இருபத்தேழு வருடம் அவளும் நம்பி, அவர் சைக்கிள் ஓட்டி விழுந்த தெருவைக் கூட மனதில் ஒரு தெருவாக வைத்திருந்தாள், வேலியும் பூவரசும் ஒரு வளைவும். அந்தத் தெருவே இல்லை. இவர் எழும்பி, "மன்னிக்கோணும்," என்று சொல்லிவிட்டு மேல்தளத்துக்குப் போனார், மெதுவாகத்தான் போனார், ஆனால் துடைத்த கடதாசியைக் கையிலேயே கொண்டு போனார். எதையும் குப்பைத் தொட்டியில் போடாமல் நகராத மனுசன்.

மேல்தளத்தில் காற்று பிடித்துத் தள்ளியது. இரண்டு பக்கமும் பச்சை மலைகள் தண்ணீருக்குள் இறங்கி நின்றன, கப்பல் அவற்றுக்கு நடுவில் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது, ஆட்கள் கம்பியில் சாய்ந்து படம் எடுத்தார்கள். அவர் தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னார். அவள் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார். "அண்ணைக்கு இஞ்ச வர விசா வந்திட்டுது. மெடிக்கலும் பாஸ். கொழும்பில லொட்ஜில நிண்டனாங்கள், பிளேனுக்குப் பத்து நாள் இருக்கேக்கை அவனுக்குச் செங்கமாரி வந்திட்டுது, கண்ணெல்லாம் மஞ்சள். அவன்ர பேரில ஆஸ்பத்திரியில பதிஞ்சா விசாவை வெட்டிப் போடுவாங்கள் எண்டு பயம். என்ர அடையாள அட்டையைக் குடுத்துப் படுக்க வைச்சன். ரெண்டு பேரும் ஒரே சாடை. ஏழாம் நாள் செத்துப் போனான்." கையிலிருந்த கடதாசியைச் சுருட்டினார். "என்ர பேரில செத்துப் போனான். பிரேதத்தை எடுக்கக் கையெழுத்துக் கேட்டாங்கள், என்ன உறவு எண்டு கேட்டாங்கள். அண்ணன் எண்டன். தயாபரன் எண்டு கையெழுத்து வைச்சன். வசீகரனுக்கு மரணச் சான்றிதழ் எழுதியாச்சு, எனக்கு மிச்சம் இருந்த பேர் அதுதான்." சுகிர்தாவுக்கு அந்த நேரத்தில் கேட்பதற்கு எவ்வளவோ இருந்திருக்க வேண்டும். அவள் கேட்டது, "தேத்தண்ணி ஆறிப் போயிருக்கும், வேற வாங்கட்டோ?" அவர் இல்லை என்று தலையாட்டினார். இறங்கினார்கள், பெட்டியை இழுத்தார்கள், இருக்கை இலக்கத்தைப் பார்த்து உட்கார்ந்தார்கள். தேத்தண்ணி என்று ஏன் கேட்டேன். அந்த வாயால் வேறு என்ன கேட்டிருக்கலாம். உங்களுக்கு என்ன பேர் என்று கேட்டிருக்கலாம், ஆனால் அதைத்தான் சொல்லிவிட்டாரே.

வசீகரன். மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள், ஒட்டவில்லை. வசீகரன் என்றால் அவளுக்கு வேறு ஒருவர். இவருடைய தம்பி, செத்துப் போன மச்சான். கொழும்பில் மாமியின் வாடகை வீட்டில், சுவாமி அறைக்கு வெளியே, சட்டம் போட்ட படம், பிளாஸ்டிக் மாலை, சின்ன மின்விளக்கு எந்த நேரமும் சிவப்பாக எரியும். ஆரபிக்கு நாலு வயதாக இருக்கும்போது போனவர்கள், அவள் மல்லிகைச் சரம் வாங்கிவந்து அந்தப் படத்துக்கு வைத்தவள், வைத்துவிட்டு, "அப்பிடியே உங்களை மாதிரி இருக்கிறார்," என்று இவரிடம் சொன்னவள். இவர் பின்னால் நின்றவர். ஓம் என்று சொன்னவர். ஓம் என்றா சொன்னவர், இல்லை ம் என்றா, அதைச் சரியாக நினைவுக்குக் கொண்டுவந்துவிட்டால் எல்லாம் விளங்கிவிடும்போல் திரும்பத் திரும்ப அந்த அறைக்குள் போய் நின்று பார்த்தாள், மல்லிகை மணம் வந்தது, மின்விசிறிச் சத்தம் வந்தது, அவருடைய குரல் மட்டும் வரவில்லை. உயிரோடு நின்ற புருசனுக்கு முன்னால் அவருடைய படத்துக்கு நான் பூ வைத்தேன். நெஞ்சுக்குள் ஏதோ சறுக்கியது, மாடிப்படியில் இல்லாத படிக்குக் கால் வைத்ததுபோல. மாமி குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவ. மாமிக்குத் தெரியும். பெற்ற தாய்க்குத் தெரியாமல் எப்படி. இருக்கிற பிள்ளையின் படத்துக்கு மாலை போட்டு, செத்த பிள்ளைக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பி, தொலைபேசியில் எப்போதும் "தம்பி, தம்பி" என்றுதான் கதைப்பா, ஒரு நாளும் பெயர் சொன்னதில்லை. எல்லாத் தாய்மாரும் தம்பி என்றுதானே கூப்பிடுகிறார்கள் என்று இருந்துவிட்டாள். எங்கே எல்லாம் அப்படி இருந்துவிட்டாள். ஐந்து வருடத்துக்கு முதல் காது டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனவள், வேலையிடத்தில் ஆட்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பச் சுணங்குகிறார் என்று. டொக்டர் தலைக்கருவி மாட்டிச் சோதித்துவிட்டு, காது இருபது வயதுப் பிள்ளையின் காது என்றார். இருபது வயது. செத்தபோது வசீகரனுக்கு இருபது. அப்படியானால் இப்போது இவருக்கு ஐம்பத்தெட்டு இல்லை, ஐம்பத்துநாலு. கணக்கு ஓடி வந்து சட்டென்று நின்றது. எனக்கு ஐம்பத்தைந்து. நான் மூப்பு. இவ்வளவுக்குள்ளும் அது ஒன்று சுருக்கென்று குத்தியது, அதற்கு வெட்கப்பட்டாள், மூப்பென்று முன்பே தெரிந்திருந்தால் அம்மா இந்தச் சம்பந்தத்தைத் தொட்டிருக்கமாட்டா என்ற நினைப்பும் வந்தது, அதற்கு இன்னும் வெட்கப்பட்டாள்.

வெளியே உப்பளம் வந்தது. பாத்தி பாத்தியாகத் தண்ணீர், பிள்ளைகளுக்குக் கொடுக்கிற இருமல் மருந்தின் நிறத்தில் ஒரு இளஞ்சிவப்பு. எல்லாரும் எழும்பி நின்றார்கள். அவள் கண்ணாடியில் தெரிந்த அவருடைய முகத்தைப் பார்த்தாள், முகத்துக்குள்ளால் உப்புக் குவியல்கள் போய்க்கொண்டிருந்தன. எந்த முகத்தை நான் கட்டினேன். சாதகம் பொருந்தியது அண்ணனுக்கு. மோதிரம் போட்டது தம்பிக்கு. தாலி கட்டும்போது சொன்ன மந்திரத்தில் யாருடைய பெயர். ஆரபிக்குப் பின்னால் நிற்கிற பெயர். ஆரபி தயாபரன், கடவுச்சீட்டில், பட்டச் சான்றிதழில், மருந்தகத்தில் சட்டையில் குத்தியிருக்கிற அட்டையில். பிள்ளை தன் பெரியப்பாவின் பெயரை நெஞ்சில் குத்திக்கொண்டு குளிசை எண்ணிக் கொடுக்கிறது. திடீரென்று பயம் எழும்பியது, இவ்வளவு நேரமும் எங்கே போயிருந்ததோ. பிடுங்குவாங்களோ. முப்பத்துநாலு வருடத்துக்குப் பிறகும் பிரஜாவுரிமையைப் பிடுங்குவாங்களோ. இவருடையதைப் பிடுங்கினால் இவர் மூலம் வந்த என்னுடையதை, என்னுடையதைப் பிடுங்கினால் பிள்ளையுடையதை, ஒரு நூலை இழுத்தால் பின்னல் சட்டை முழுக்க அவிழ்ந்து வருமே அப்படி. யாருக்குத் தெரியும். மாமிக்கு, அவ இப்போது உயிரோடு இல்லை. இவரை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டெடுத்த தாய்மாமாவுக்கு, அவரும் இல்லை. இப்போது எனக்கு. பிறகு அந்தச் சிவப்பு ஜாக்கெட்டுக்கு. அவன் கனடாக்காரன், கனடாவில் ஒரு கலியாண வீட்டில் வாய் திறந்தால் போதும், அடுத்த கிழமை லண்டனுக்குத் தெரியும். அவனை எங்கே விட்டோம். ரயில் ஒரு குகைக்குள் புகுந்து இருண்டு, வெளியே வந்தபோது கடல் பக்கத்திலேயே கிடந்தது, பாறைகளில் கடல்நாய்கள் ஈரச் சாக்குகள்போல் படுத்திருந்தன. படம் எடுப்பவர்கள் எல்லாரும் கண்ணாடியில்லாத திறந்த பெட்டிக்குப் போனார்கள். அவர்களுக்கு நடுவில் சிவப்பு. அவன் இதே ரயிலில்தான் இருந்தான். அவரும் கண்டுவிட்டார். இருக்கையின் விளிம்பைப் பிடித்து எழும்பப் பார்த்தார். "நான் போய் அவனோட கதைக்கிறன்," என்றார். "நீங்கள் இருங்கோ," என்றாள். கப்பலை விட்டு இறங்கிய பிறகு அவள் அவரிடம் சொன்ன முதல் வார்த்தை அது.

திறந்த பெட்டியில் காற்று சேலைத் தலைப்பைப் பறித்தது, கோட்டுக்குள் திணித்துக்கொண்டாள். என்ன சொல்லப் போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. திட்டலாம் போலவும் இருந்தது, யாரை என்று தெரியவில்லை. பகீரதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்க்காமல் தண்டவாளத்தைப் பார்த்தபடி நின்றான். கண் சிவந்திருந்தது. அவளைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினான். "அக்கா, நான் பிழையாக் கதைச்சுப் போட்டனோ," என்றான். சுகிர்தா வாயைத் திறந்தாள். கலியாணம் கட்டிய நாளிலிருந்து இஞ்சேருங்கோ, ஆரபியின்ர அப்பா, அவர், இவர் என்றே காலத்தை ஓட்டிவிட்டவள், புருசனின் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பழக்கமில்லாதவள். "அவர் தயாபரன்," என்றாள். சொல்லும்போது நாக்கில் ஒரு செத்த மனுசனின் பெயர் கனத்தது. "என்ர புருசன் தயாபரன். தம்பி ஒருத்தர் இருந்தவர், கொழும்பில செங்கமாரியில செத்துப் போனார். தழும்பு சைக்கிளால விழுந்தது. எனக்குத் தெரியும்." இவ்வளவு தெளிவாகப் பொய் சொல்ல எங்கே படித்தாள். கப்பலில் அவர் சொன்ன அதே நிதானம், வங்கியில் சொல்கிற அதே குரல். ஒரு பொய்க்கு ஒரு மனுசன் இப்படித்தான் போய்ச் சேருகிறானா, பயத்தில் ஒரு நாள் அட்டையை நீட்டி, அடுத்த நாள் கையெழுத்து வைத்து, பிறகு திரும்பிப் பார்த்தால் பாதை இல்லாமல். அவன் அவளுடைய முகத்தைக் கனநேரம் பார்த்தான். குகை ஒன்று வந்தது, இரைச்சலும் இருட்டும், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. வெளியே வந்தபோது அவன் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். "ஓம் அக்கா. ஆள் மாறித்தான் போச்சுது. வயசாக எல்லாரும் ஒரே மாதிரித்தானே. நான் ஒருத்தரிட்டையும் இதைக் கதைக்க மாட்டன், நீங்கள் பயப்பிடாதேங்கோ." பயப்பிடாதேங்கோ என்று அவன் சொன்னதில்தான் அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று அவளுக்கு விளங்கியது. கொஞ்ச நேரம் கழித்து, கேட்காமலே, அவன் சொல்லத் தொடங்கினான். "வசீ எங்களுக்குள்ள நல்லாப் பாடுவான். ஊர்காவற்துறைக்கு லோஞ்சில கடல் கடந்து போகேக்கை முழுக்கப் பாட்டுத்தான், இயந்திரச் சத்தத்துக்கு மேலால கேக்கும். ஆக்களைப் பழிச்சுக் காட்டுவான், சிரிச்சு வயிறு நோகும். தயாபரன் அண்ணை அப்பிடியில்லை, அமைதி, வாயே திறக்கார்." வாயே திறக்காத ஒருவரோடுதான் அவள் வாழ்ந்தாள். குளியலறையில் கூட ஒரு முணுமுணுப்பு இல்லை. பெயரை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை, அண்ணனின் அமைதியையும் எடுத்துப் போட்டுக்கொண்டார், பாட்டை எங்கேயோ விட்டுவிட்டு. பாடுகிற, ஆட்களைச் சிரிக்க வைக்கிற ஒரு பெடியன் எனக்குப் புருசனாக வந்திருப்பான். சேலைத் தலைப்பைத் திரும்பவும் கோட்டுக்குள் திணித்தாள். "ஆடி அமாவாசைக்கு முதல் நாள்தான் செய்தி வந்தது," என்றான் அவன். "கனடா வந்த பிறகும் நான் வருசா வருசம் அண்டைக்கு ஒரு விளக்கு வைக்கிறனான். மனுசிக்கும் பிள்ளையளுக்கும் தெரியும், அது வசீ மாமாவின்ர விளக்கு." இனி வைக்க வேண்டாம் என்று சொல்ல முடியாது. வைக்கச் சொல்லவும் முடியாது.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவர் கேட்கவில்லை, பார்த்தார் மட்டும். "ஆரிட்டையும் சொல்ல மாட்டாராம்," என்றாள். அவர் மூச்சை விட்டார். அந்த மூச்சு அவளுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவு லேசாக அவர் இறங்கிவிடக் கூடாது. கடல் பின்னால் போய்விட்டது, ஆடுகள் நிற்கிற வெளிகள் ஓடின, வெயில் சாய்ந்து பெட்டிக்குள் முழுக்க மஞ்சளாக இருந்தது. அவள் யோசித்துக்கொண்டே வந்தாள், யோசனை என்று கூடச் சொல்ல முடியாது, ஒரே இடத்தில் சக்கரம் சுழல்வதுபோல, விளக்கு, வருசா வருசம் ஒரு விளக்கு, கனடாவில், உயிரோடு இருக்கிறவருக்கு. அதிலிருந்து மற்றது வந்தது. "உங்களுக்கு விளக்கு வைக்கிறதுக்கு ஒரு மனுசன் இருக்கிறார்," என்றாள் மெதுவாக. "அம்மா மாலை போட்டவ. நானும் பூ வைச்சனான். பள்ளிக்கூடம் எழும்பி நிண்டது. அண்ணைக்கு ஆர் என்ன செய்தது?" அவர் திரும்பினார். "அவர் இருக்கிறார் எண்டுதானே எல்லாரும் நினைச்சது. முப்பத்துநாலு வருசமா அவருக்காக அழ ஒருத்தரும் இல்லையே. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை கூட உங்கட பேரிலதானே செய்திருப்பினம்." அவருடைய வாய் கோணியது. அழப்போகிறார் என்று அவளுக்குத் தெரியவில்லை, ஏனென்றால் அவர் அழுது அவள் கண்டதில்லை. சத்தம் வரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. முன் இருக்கை வெள்ளைக்காரி திரும்பிப் பார்த்துவிட்டு மரியாதையாகத் தலையைத் திருப்பிக்கொண்டாள். "அவன் தண்ணி கேட்டவன்," என்றார். "கடைசி நாள். நேர்ஸ் என்ர பேரைச் சொல்லிக் கூப்பிட்டு என்ன வேணும் எண்டு கேட்டவ. அவனுக்கு ஆரைக் கேக்கினம் எண்டு விளங்கேல்லை. என்னைப் பாத்தவன். நான் பேசாம நிண்டன்." அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். தொட்டு ஆறுதல் சொல்லக் கை வரவில்லை. இது யார் என்று அவளுக்கு இன்னும் தெரியாது, தெரிவதற்கு இனி எவ்வளவு காலமோ. ஆனால் ஒன்று மட்டும் செய்ய முடியும்போல் இருந்தது. "எந்த நாள்?" என்று கேட்டாள். "ஆடி அமாவாசைக்கு மூண்டு நாள் முந்தி. விடியப்புறம்." "இந்த வருசம் வீட்டில செய்வம்," என்றாள். "ஐயர் வேண்டாம். நாங்கள் ரெண்டு பேரும். அவற்ற பேரைச் சொல்லி." அவர் தலையாட்டினார், கைக்குட்டையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். ஒலிபெருக்கிப் பெண் எல்லாருக்கும் நன்றி சொன்னாள்.

ரயில் நின்றது. அவர் பெட்டியை இறக்கினார், அவள் பின்னால் நடந்தாள். மேடையில் ஆட்களுக்கு நடுவில் ஆரபி, வேலையிலிருந்து நேரே வந்திருக்கிறாள், சட்டையில் அந்தப் பெயர் அட்டை கூடக் கழற்றவில்லை, நுனிக்காலில் நின்று ஒவ்வொரு வாசலாகத் தேடினாள். இந்தப் பிள்ளைக்கு என்றைக்கு, யார், எப்படி. சுகிர்தாவின் கால் படியில் நின்றுவிட்டது. பின்னால் வந்தவர்கள் பொறுமையாக நின்றார்கள். ஆரபி அவரைக் கண்டுவிட்டாள். "அப்பா," என்று கூப்பிட்டாள். அவர் உடனே திரும்பினார், "ஓம் பிள்ளை," என்றார். ஒருத்தரிடமும் வாங்காமல் அவருக்கென்று கிடைத்த பெயர் அது ஒன்றுதான் என்று சுகிர்தாவுக்குப் பட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, கவனமாக, கடைசிப் படி எங்கே இருக்கிறதென்று பார்த்துப் பார்த்து அவள் இறங்கினாள்.